கடையைப் பார்த்துக்கொள்கிறவர்

குங்குமச் சிமிழ் முன்வரிசையிலிருந்து கிளம்பிவிட்டது. நாங்கள் கடைசிக்கு முந்தின வரிசையில் இருக்கிறோம், அம்மா ஜன்னலோரம், நான் நடைவழியோரம், பஸ் துபாயின் அகலமான சாலை ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாத் திசையிலும் கார்கள், ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் இல்லாத நெரிசலைப் பார்த்தால் எனக்கு டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர்களின் ஞாபகம்தான் வருகிறது. சாயங்கால வெயில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் பட்டு, அங்கிருந்து எதிர்க் கட்டிடத்தில் பட்டு, பழைய வண்டி மாதிரி ரெண்டு கை மாறி எங்கள் மடியில் விழுகிறது, அதில் சூடு என்று ஒன்றும் இல்லை. மார்கழி. பாலைவனத்துக்கும் மார்கழி உண்டு என்பதுதான் இந்த ஊரில் நான் புதிதாகத் தெரிந்துகொண்டது, மற்றதெல்லாம் ஏற்கெனவே போனில் பார்த்ததுதான். சிமென்ட் கம்பெனிக்காரர்கள் இலக்குக்கு மேல் விற்றுக் காட்டிய டீலர்களை வருஷத்துக்கு ஒருமுறை மனைவியோடு வெளிநாடு கூட்டிப்போகிறார்கள், அதற்குப் பெயர் டீலர் டூர், இந்த வருஷம் துபாய், நாலு நாள், அதில் இது கடைசி நாள். ஆகவே பஸ் முழுக்க சிமென்ட் வியாபாரிகள். உலகத்திலேயே உயரமான கட்டிடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, பக்கத்தில் ஓடுகிற மேம்பாலத்தைக் காட்டி, "இந்த ஒரு தூணு நம்ம கடைக்கு ஒரு மாசச் சரக்குங்க" என்கிறார் ஒருவர், "இந்த ஊரு வெயிலுக்குத் தண்ணி எப்படிக் கட்டுவானுங்க, வெடிச்சிராது?" என்கிறார் இன்னொருவர். அம்மாவும் அப்படித்தான். நேற்று ஒரு மாலில் எல்லோரும் மீன்தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது அவள் மட்டும் பின்பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சு சுமார்தான்" என்றாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இல்லை, நிறையவே இருந்தது. அந்தப் பெருமையோடுதான் இந்தச் சிமிழையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது, அது இப்போது மூன்றாவது வரிசை.

சிமிழைக் கையில் வைத்திருப்பவர் கருணாம்பிகை அம்மாள். அவிநாசிப் பக்கம், புருஷன் நாச்சிமுத்து, பெரிய டீலர், இதே டூரில் நாலாவது முறை. சென்னை ஏர்போர்ட்டில் முதல் நாள் அவர்தான் அம்மாவிடம் வந்து பேச்சுக்கொடுத்தார். "எந்தூருங்க?" "அருப்புக்கோட்டை." "ஊட்டுக்காரரு வரலீங்களா?" நான் பக்கத்தில் நின்று பெல்ட்டில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "கடையைப் பாத்துக்கணும்ல" என்றாள். அவ்வளவுதான். பொய் என்று சொல்ல முடியாது, எழுவாயே இல்லாத வாக்கியம், யாரோ ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மைதானே. அப்பா கடையில்தான் இருக்கிறார், கல்லாவுக்குப் பின்னால், சந்தனமாலை போட்ட சட்டத்துக்குள், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியிலிருந்து அங்கேதான் இருக்கிறார். ஆனால் கருணாம்பிகை அம்மாள் அதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுகிற ஒருவரைப் பார்த்தார், "அதாமுங்க, ஆம்பளைங்க ஒருத்தராவது கடையில இருந்தாத்தான் நமக்கு நிம்மதி" என்றார், அம்மா சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் புறங்கையில் கிள்ளினாள். அப்புறம் அவர் சொன்னார், "நெத்தி வெறுமையா இருக்கவும் நானு வேதக்காரங்களோன்னு நெனச்சனுங்." கிறிஸ்தவர்களோ என்ற அந்தச் சந்தேகத்துக்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "அலர்ஜி. வச்சா அரிச்சுப் புண்ணாயிருது." இது சுத்தமான பொய், எழுவாய் பயனிலை எல்லாம் உள்ள பொய். எங்கள் மாவட்டத்திலிருந்து வேறு யாரும் இலக்கைத் தொடவில்லை, இந்த பஸ்ஸில் எங்களைத் தெரிந்தவர் கம்பெனி மேனேஜர் ஒருவர் மட்டும்தான், அவர் எப்போதும் முன்சீட்டில் மைக்கோடு இருக்கிறார். அதனால் அந்தப் பொய் மூன்று நாள் ஊர் சுற்றியது, எங்களோடு மாலுக்கு வந்தது, படகில் ஏறியது, பருப்பு சாம்பார் என்று எழுதிவைத்திருந்த ஏதோ ஒன்றை ஊற்றிச் சாப்பிட்டது. இன்று காலை கருணாம்பிகை அம்மாள் லாபியில் சிமிழைத் திறந்து காட்டிச் சொன்னார், "சொந்தமா மஞ்சள் அரைச்சு நம்மூட்டுலயே செஞ்ச குங்குமங்க. ஒரு மருந்து கலக்கல. கைக்கொழந்தைக்கு வெச்சாலும் அரிக்காது. சாயந்தரம் குளிச்சுப்போட்டு, உங்க நெத்தியில நாந்தான் வெச்சு உடுவேன்." ஆக இது சும்மா வரவில்லை. அலர்ஜிக்கு மருந்தாக வருகிறது.

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது, வருகிறது, ஆனால் எதன் மேல் என்று வரிசைப்படுத்த முடியவில்லை. வாதம் என்றால் எனக்கு முதலில் பிரச்சினை என்ன என்று வகுத்துக்கொள்ள வேண்டும். பொட்டு அம்மாவின் உரிமை, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, இதைப் பற்றி நான் எம்.ஏ. இரண்டாம் வருஷக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்து ஒரு பேராசிரியரோடு முக்கால் மணிநேரம் சண்டை போட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து வைத்துக்கொண்டிருந்த ஒன்றை இடையில் வந்த ஒருவர் போகும்போது எப்படி எடுத்துக்கொண்டு போக முடியும் என்று கேட்டேன், அந்த இடையில் வந்தவர் என் அப்பா என்பது அரங்கில் யாருக்கும் தெரியாது. சரி, உரிமை. ஆனால் உரிமையை இப்படியா எடுத்துக்கொள்வது? உயிரோடு இருக்கிற ஒரு புருஷனைக் கடையில் உட்காரவைத்து, அவர் பெயரைச் சொல்லி, திருட்டுத்தனமாக? அப்படி வைத்துக்கொண்டால் அந்தப் பொட்டு மறுபடியும் அவருடையதுதானே. புருஷன் இருந்தால்தான் பொட்டு என்பதை ஒப்புக்கொண்டுதானே அந்தப் பொய்யையே சொல்கிறாள். ஊரில் நான் எத்தனை சொல்லியிருப்பேன். ஒட்டுகிற பொட்டு அட்டை அட்டையாக வாங்கிவந்து கொடுத்தேன், மெரூன், சின்னது, யார் கண்ணையும் உறுத்தாதது. வாங்கி வைத்துக்கொள்வாள். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள். கண்ணாடி முழுக்க அம்மைக் கொப்புளம் மாதிரி மெரூன் புள்ளிகள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும், நான் கொடுத்ததை இவள் குப்பை மாதிரி ஒட்டிவைக்கிறாள் என்று. வெள்ளிக்கிழமையானால் இன்னும் எரியும். கடையைத் திறந்ததும் அப்பா படத்தை ஈரத்துணியால் துடைப்பாள், கண்ணாடிக்கு மேல் அவர் நெற்றியில் சந்தனம் வைப்பாள், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம் வைப்பாள், விரலில் மிச்சமிருக்கிற குங்குமத்தை அதே துணியில் துடைத்துவிட்டுக் கல்லாவில் உட்காருவாள். செத்துப்போனவருக்கு வாராவாரம் பொட்டு, உட்கார்ந்து சம்பாதிக்கிறவளுக்குத் துணியில் துடைத்த விரல். இதை நான் அவளிடமே சொல்லிக்காட்டினேன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு மேடை வேணும்டி, நான் நெத்தியா மேடையா?" என்றாள். ஒருத்தருக்கு நான் பாக்கி வைத்திருக்கிற ஒரே பதில் அதற்குத்தான்.

சிமிழ் நகரவில்லை, ஐந்தாவது வரிசையில் சேலத்துக்காரம்மா ஒருவர் தன் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறார், கருணாம்பிகை அம்மாள் குங்குமம் படிந்த மோதிரவிரலைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நிற்கிறார். முன்னால் ஜெர்வின் மைக்கைத் தட்டுகிறார். ஜெர்வின்தான் அந்த மேனேஜர், நாகர்கோவில்காரர், எங்கள் மாவட்டமும் அவர் பொறுப்பு. "அண்ணன்மாரே, அக்காமாரே, ட்ராபிக் கொஞ்சம் ஓவர், கேட்டீங்களா. பயப்படாண்டாம். அந்தக் கட்டிடம் எங்கயும் ஓடிப்போகாது." பஸ் சிரிக்கிறது. "ராத்திரி டின்னர்ல ஒரு சர்ப்ரைஸ் விருது இருக்கு. யாருக்குன்னு சொல்ல மாட்டேன்." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார். எனக்குத் தெரியும். அந்த விருது அம்மாவுக்கு. அந்த விருதுக்கு முன்னால் ஜெர்வின் வாசிக்கப்போகிற பேச்சை எழுதியவள் நான். போன மாதம் ஹாஸ்டலுக்கு போன் போட்டார், "தங்கச்சி, உங்க அம்மா கதை எல்லா டீலருக்கும் போய்ச் சேரணும், எனக்குத் தமிழ் வரும், ஆனா கண்ணீர் வராது, நீ எழுதித் தா." எழுதித் தந்தேன். ஒரே உட்காரலில் எழுதினேன். கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்காரவைக்கிற சமூகத்தில், என்று தொடங்கும். இழப்பைச் சிமென்டாகக் குழைத்துத் தன் வாழ்வைத் தானே கட்டிக்கொண்டவர், என்று முடியும். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன். திரையில் போட அப்பா படம் வேண்டும் என்று கேட்டார், நேராகப் பார்க்கிற படம் எங்களிடம் ஒன்றுதான் உண்டு, கடையில் இருக்கிற படம், அதையே போனில் எடுத்து அனுப்பினேன், மாலையோடு, சந்தனத்தோடு. அது இன்று ராத்திரி ஒரு சுவர் அளவுக்குத் தெரியப்போகிறது, எல்லோரும் வட்ட மேசைகளில் உட்கார்ந்திருக்க, கருணாம்பிகை அம்மாள் அநேகமாக எங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருக்க, அம்மாவின் நெற்றியில் அவர் வைத்த குங்குமம் இருக்க.

இருக்கட்டுமே. ஏன் கூடாது? இதுதான் என் வாதத்துக்கு வாய்த்த அரங்கம். ஒருபக்கம் படம், ஒருபக்கம் பொட்டு, நடுவில் மைக். ஆமாம், இவர் இல்லை, ஆமாம், இவள் வைத்திருக்கிறாள், அதனால் என்ன என்று கேட்டால் எத்தனை பேருக்கு வாய் திறக்கும்? நான் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்பது மாதிரி நினைத்துப் பார்க்கிறேன், என் குரல் கேட்கிறது, நல்ல குரல்தான், ஆனால் நினைப்பில் எங்கே தேடினாலும் அம்மாவின் முகம் கிடைக்கவில்லை. திரை தெரிகிறது, மைக் தெரிகிறது, அம்மா உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் முதுகு தெரிகிறது. அப்பா இறந்த பத்தாம் நாளும் இப்படித்தான். அத்தைமார் வளையலை உடைக்க வந்து நின்றார்கள், நான் கூடத்தின் குறுக்கே நின்றுகொண்டு, யார் கையாவது அம்மா மேல் பட்டால் போலீஸுக்குப் போன் போடுவேன் என்றேன், என் கையில் போன் இருந்தது, பெரிய அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள், சித்தப்பா என்னை அதட்டினார், நான் அவரையும் அதட்டினேன், கடைசியில் வளையல் உடைபடவில்லை. ஜெயித்தேன். அந்த ஜெயிப்பை ஹாஸ்டலில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். மறுநாள் விடியற்காலை அம்மா குளியலறையில் தானே சோப்பு போட்டு ஒவ்வொரு வளையலாகக் கழற்றிப் பக்கெட் விளிம்பில் மாட்டிவைத்திருந்தாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சோப்பு நுரையோடு வளையல்கள். ஒன்றுகூடக் கீறவில்லை. நான் காப்பாற்றிக்கொடுத்ததை அவள் பத்திரமாகக் கழற்றியிருந்தாள். அன்றைக்கும் நான் கூடத்தில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்தேன், பின்னால் உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னடி, முகத்த இப்படி வச்சிருக்க?" அம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமலேயே கேட்கிறாள். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லைன்னா ஒதட்ட அசைக்காத. தனியாப் பேசுதுன்னு நினைப்பாங்க." பஸ் ஓர் அடி நகர்ந்து நிற்கிறது, சிமிழ் பிடித்த கை ஆடிச் சமாளிக்கிறது. ஏழாவது வரிசை. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறேன், "வர்றாங்க பாத்தியா. என்ன செய்யப்போற?" "வந்தா வரட்டும்." "வச்சுக்கப்போறியா?" "வச்சு விட்டா வேண்டாங்கவா முடியும்? பெரிய மனுஷி." "நான் கேட்டப்ப முடிஞ்சுச்சு." அம்மா இப்போது திரும்பிப் பார்க்கிறாள். கோபம் இல்லை. கடையில் யாராவது பழைய மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லும்போது பார்ப்பாளே, மூட்டையையும் ஆளையும் மாற்றி மாற்றி, அந்தப் பார்வை. "நீ வச்சுக்கோன்னு சொன்ன. அவங்க ஒண்ணும் சொல்லல, எடுத்துட்டு வர்றாங்க" என்கிறாள். "அவங்களுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா இந்தச் சீட்டத் தாண்டிப் போயிருவாங்க." "தெரியும்டி எனக்கு. ரெண்டு வருஷமாத் தாண்டிப் போறவங்களத்தான பாத்துட்டு இருக்கேன்." அப்புறம் மறுபடி ஜன்னல். நாக்கில் உப்பு மாதிரி ஏதோ இருக்கிறது, காலையில் பஃபேயில் சாப்பிட்ட ஆலிவ்காயாக இருக்கும்.

இந்த ஊர் வேறு. இந்த ஊரில் எதுவும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை. மாலுக்குள் பனி இருக்கிறது, ஆண்டவனே, பனியைச் சறுக்கிக்கொண்டு பிள்ளைகள், வெளியே மணல். கடலுக்குள் தெரு இருக்கிறது. மனிதர்கள் நடக்க வேண்டிய இடத்தில் காருக்கு நிழல் கட்டியிருக்கிறார்கள். நான் முதல் நாளே இதையெல்லாம் ஒரு பத்தியாக மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன், செயற்கை, பணத்தின் வக்கிரம், யாருடைய வேர்வை, இப்படி. அதெல்லாம் உண்மைதான், இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் அம்மா பனியைக் கையில் அள்ளிவைத்துக்கொண்டு நின்றாள், வாடகைக்குக் கொடுத்த ஆரஞ்சு கோட்டு அவளுக்கு முட்டிவரை வந்தது, "ஐஸ் கம்பெனியில அள்ளுற மாதிரியே இருக்கு" என்றாள், போட்டுவிடவில்லை, உருகிச் சொட்டுகிறவரை வைத்திருந்தாள். ஹோட்டல் அறையிலும் அப்படித்தான். கடை இன்னும் அப்பா பெயரில்தான் ஓடுகிறது, குருநாதன் டிரேடர்ஸ், கம்பெனி கம்ப்யூட்டரில் டீலர், மனைவி என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறதாம், அதனால் எங்களுக்குக் கிடைத்தது தம்பதி அறை. நான் கதவைத் திறந்தபோது கட்டிலில் வெள்ளைத் துண்டை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து, மூக்கோடு மூக்கு முட்டவைத்து, சுற்றிலும் ரோஜா இதழ் தூவியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிக்க முடியவில்லை. பிரிக்கப் போனேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும், உனக்கு என்ன இடைஞ்சல்" என்றாள் அம்மா. அன்னங்களை நடுவில் விட்டுவிட்டு நான் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாகத் தூங்கினோம். காலையில் ஒரு அன்னத்தின் கழுத்து தொய்ந்திருந்தது, அவள் அதை இரண்டு விரலால் நிமிர்த்திவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்போது எதற்கு அந்தக் கழுத்து ஞாபகம் வருகிறது, அதோடு ஏன் ஊரில் எங்கள் குளியலறைக் கண்ணாடியும் வருகிறது, மெரூன் புள்ளிகள், அவை கண்ணாடி முழுக்கவா இருந்தன? இல்லை. நான் உயரம், குனிந்துதான் அந்தக் கண்ணாடியில் தலை சீவுவேன், புள்ளிகள் என் கழுத்துக்கு நேராக இருக்கும், எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் பக்கத்தில். என்னைவிட ஒரு தலை குட்டையான ஒருத்தி அந்தக் கண்ணாடி முன்னால் நின்றால் அவை எங்கே வரும்? நான் கையை எடுத்து என் கழுத்தில் வைத்து அளக்கிறேன், பக்கத்தில் அம்மாவின் நெற்றி உயரத்தைப் பார்க்கிறேன், பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

"எங்க அலர்ஜிக்காரம்மா?" வந்துவிட்டார். மஞ்சளும் பன்னீரும் கலந்த வாசனை, பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர், சிமிழின் மூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருக்கிறார். "வெரசாக் காட்டுங்க நெத்திய, பஸ்ஸு நகந்துட்டா அப்பறம் மூக்குல போயிரும்." அம்மா என்னைத் தாண்டி முகத்தை நீட்டுகிறாள். கருணாம்பிகை அம்மாள் மோதிரவிரலால் தொட்டு வைக்கிறார், சின்னதாக அல்ல, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, தூள் கொஞ்சம் அம்மாவின் மூக்கில் உதிர்கிறது. அந்த முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தின முகம், அதே முகம், இவ்வளவு நேரமும் நான் நினைப்பில் தேடிக் கிடைக்காத முகம். கண்ணை மூடியிருக்கிறாள். "வகுட்டுல வெச்சுக்குங்க, தாலியிலயும் வெச்சுக்குங்க" என்று கருணாம்பிகை அம்மாள் சிமிழைச் சாய்க்கிறார். தாலியில். எல்லாச் சுமங்கலிகளும் செய்கிறது, முன்வரிசையிலிருந்து ஒவ்வொருத்தியும் செய்துகொண்டுதான் வந்திருக்கிறாள், நான்தான் அதை யோசிக்காமல் உரிமை உரிமை என்று உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் கழுத்தில் ஒரு சங்கிலி இருக்கிறது, அதன் நுனி ரவிக்கைக்குள் இருக்கிறது, அந்த நுனியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சென்னையில் சோதனை வாசல் கத்தியதும் அவள் திரும்பிநின்று கழற்றித் தட்டில் வைத்தாள்: கல்லாப்பெட்டிச் சாவி. வேலைக்காரர்களிடம் கொடுக்க மாட்டாள், பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்பாள். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து வகிட்டில் இழுத்துக்கொள்கிறாள். இன்னொரு சிட்டிகை எடுக்கிறாள். இடதுகையால் சங்கிலியை வெளியே இழுக்கிறாள், நுனி உள்ளங்கைக்குள், விரல்கள் மூடியபடி, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. விரல் இடுக்கில் பித்தளை நிறம் ஒரு கீற்று தெரிகிறது. அதன் மேல் குங்குமத்தைத் தொட்டுவைக்கிறாள். கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். உள்ளே விட்டுவிடுகிறாள். அப்பா அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிவைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் அதைக் கத்தரித்துத்தான் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

"இப்பப் பாருங்க, எப்படி இருக்குதுன்னு. அரிக்குதுங்களா?" "இல்லைங்க" என்கிறாள் அம்மா, "கொஞ்சம்கூட அரிக்கல." கருணாம்பிகை அம்மாள் என் நெற்றியிலும் தீற்றுகிறார், "நீ என்ன கண்ணு, டூரு பூரா மூஞ்சிய உர்ருன்னு வெச்சிருக்கற, அப்பன் வரலைன்னா?" அப்புறம் கைப்பையிலிருந்து ஹோட்டல் டிஷ்யூ ஒன்றை எடுத்து, அதில் கொஞ்சம் குங்குமத்தைக் கொட்டி, நான்காக மடித்து, என் கையில் வைக்கிறார். "அப்பனுக்குக் கொண்டுபோய்க் குடு. அம்மா கையால நெத்தியில வெச்சு உடச்சொல்லு. அடுத்த வாட்டி அவரையும் இழுத்துட்டு வாங்க, எப்பப் பார்த்தாலும் கடை கடைன்னுட்டு." எத்தனையோ மேடையில் எதிரணியின் முதல் வாக்கியத்திலேயே ஓட்டையைக் கண்டுபிடித்தவள் நான். இந்தப் பொட்டலம் வெள்ளிக்கிழமை அவர் நெற்றிக்குப் போகும், அதில் பொய்யே இல்லை. "அவரு வர மாட்டாருங்க" என்கிறது என் வாய். "முட்டி வலி. ஏற இறங்க முடியாது. சேர்லயே உக்காந்திருப்பாரு." "அச்சச்சோ, தைலம் தேய்ச்சு உடறதுதான?" "தேய்ச்சாலும் கேக்க மாட்டாருங்க. காலைல சேர்ல உக்காந்தா ராத்திரிதான் எந்திரிப்பாரு. பேப்பரை மடியில வச்சுட்டுத் தூங்கிருவாரு. யாராவது மூட்டை கேட்டு வந்தா, தூங்கவே இல்லங்கிற மாதிரி வெலை சொல்லுவாரு." இதில் முட்டி வலி மட்டும்தான் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் அவர்தான். பேப்பர், வலது கையில் பிடித்தபடியே நழுவுகிற மூக்குக் கண்ணாடி, சிமென்ட் தூசியில் வெளுத்துப்போன செருப்பு, நாற்காலிக்குக் கீழே ஒன்று குப்புறக் கிடக்கும். இங்கே வெயில் சாய்கிறது, ஊரில் இருட்டியிருக்கும், கடையில் டியூப் லைட் போட்டிருப்பார். போட்டிருக்கிறார். பஸ் நிற்கிற வரை, நான் பேசிக்கொண்டிருக்கிற வரை, போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கருணாம்பிகை அம்மாள் சிரித்தபடி கடைசி வரிசைக்குப் போகிறார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் முழங்கால் மேல் அவள் கை வந்து இருக்கிறது, கிள்ளவில்லை.

மூன்று நாளாக நான் பொட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து நடைவழியில் சீட்டுகளின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போகிறேன். இரண்டு பக்கமும் சிவந்த நெற்றிகள். ஜெர்வின் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "என்ன தங்கச்சி, பாட்டு ஒண்ணு பாடுறியா?" என்கிறார். "ராத்திரி ஸ்கிரீன்ல போடுற அந்தப் படத்த எடுத்துருங்க" என்கிறேன். "பேச்சுல அப்பா வர்ற இடத்தையும்." அவருக்குப் புரியவில்லை. "எடுத்தா என்ன இருக்கு அதுல? அதுதானே பேச்சுக்கு உயிரே. நீ எழுதினதுதானே, நான் ரெண்டு தடவ வாசிச்சு அழுதேன், கேட்டியா." "நல்லா விக்கிறாங்கன்னு சொல்லி விருதக் குடுங்க. அது போதும்." "அம்மா எதுவும் சொன்னாங்களா?" "இல்லை. நான்தான் சொல்றேன்." ஜெர்வின் என் நெற்றியைப் பார்க்கிறார், பின்னால் எட்டிப் பார்க்கிறார், அவர் பார்க்கிற இடத்தை நானும் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது, ஜன்னல் முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது, அதற்கு அந்தப் பக்கம் உலகத்திலேயே உயரமான கட்டிடம் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, பஸ்ஸில் எல்லோரும் போனைத் தூக்கியிருக்கிறார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. அதற்கு இந்தப் பக்கம் தெரிகிற நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "சரி, எடுத்துருதேன்" என்கிறார் ஜெர்வின் மெதுவாக. "ஆனா டின்னர்ல அத்தன பேரும் ஜோடியா இருப்பாங்க. குருநாதன் சார் எங்கன்னு எவராவது என்கிட்ட கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

"கடையைப் பாத்துக்கிறாருன்னு சொல்லுங்க" என்கிறேன்.